நடு நீலத் தந்தி

பசிலியோ போன பிறகு வந்த ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சுனில்தா அவனுடைய ஹார்ப்பைத் துடைத்தாள். துடைத்து முடித்ததும் தந்திகளைக் கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். முதல் வெள்ளிக்கிழமையே எல்லாம் சரியாக இருந்தன, ஒன்றைத் தவிர. நடுவில் இருக்கும் நீலத் தந்தி அரைச் சுரம் ஏறி நின்றது. வடகாற்று வீசும் நாட்களில் தந்திகள் இப்படி ஏதாவது செய்யும் என்று நினைத்துச் சுருதிச் சாவியைப் போட்டு இறக்கி வைத்தாள். அடுத்த வாரம் தட்டிப் பார்த்தால் அது மறுபடி கொஞ்சம் ஏறியிருந்தது. மறுபடி இறக்கினாள்.

"உன்னைக் கட்டி வச்சவன் மாதிரியே உனக்கும் பிடிவாதம்," என்று தந்தியிடம் சொன்னாள்.

அந்த வீட்டில் பேச வேறு யாரும் இல்லை. அசுன்சியோன் நகரத்தில், ஆற்றுக்குப் பக்கத்தில் சஹோனியா பகுதியில் இரண்டு அறை வீடு. ஒரு அறையில் கட்டில். இன்னொன்றில் ஹார்ப், அவளுடைய பழைய ஹார்மோனியம், எழுதும் மேஜை. முப்பது வருஷம் அந்த மேஜையில் அவள் எழுதினாள், அந்த ஹார்ப்பில் அவன் வாசித்தான். பசிலியோவுக்கு இசைத்தாள் படிக்கத் தெரியும், ஆனால் பிடிக்காது. அவள் ஹார்மோனியத்தில் வாசித்துக் காட்டுவாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். பிறகு அவள் எழுதியதை விரலுக்குள் வாங்கிக்கொள்வான்.

அவர்கள் ஊர் ஹார்ப்புக்கு மிதிகட்டை கிடையாது. ஒரு சுரத்தை அரை ஏற்ற வேண்டுமானால் ஒரு கை தன் வேலையைப் போட்டுவிட்டு மேலே போய், தந்தியின் கழுத்தை இரும்புச் சாவியால் அழுத்த வேண்டும். அந்த நேரத்தில் அந்தக் கையின் வேலையை யார் செய்வது? அதனால் ஐரோப்பாக்காரர்களின் பெரிய இசையை இந்த ஹார்ப்புக்கு மாற்றி எழுதுவது என்றால், பாதி வேலை எதை விட்டுவிடலாம் என்று யோசிப்பதுதான். எதை விட்டால் கேட்கிறவர் காது அதைத் தானாகப் போட்டுக்கொள்ளும், எதை விட்டால் பாட்டே செத்துப்போகும் என்று சுனில்தாவுக்குத் தெரியும். மாதா கோயில் பாடகர் குழுவுக்கு ஹார்மோனியம் வாசித்து வாசித்து வந்த ஞானம்.

இசைத்தட்டு வெளியிடும் தோன் ஃபெர்மினுக்கு அவள் மேல் நம்பிக்கை வந்தது அப்படித்தான். பத்து உருப்படிகள், எல்லாம் பெரிய இசை, தனி ஹார்ப், வேறு வாத்தியம் எதுவும் வேண்டாம் என்று அவர் கேட்டிருந்தார். அந்த ஊரில் மரியாதைக்கு ஆணைத் தோன் என்றும் பெண்ணை ஞா என்றும் அழைப்பார்கள்.

"கச்சேரி மண்டபத்துல கோட்டு போட்டுட்டு உட்கார்றவங்களுக்கு இல்ல, ஞா சுனில்தா. அவங்களுக்கு ஏற்கனவே ஆயிரம் ரெக்கார்ட் இருக்கு. எனக்கு எம்பனாதா பொரிக்கிற அம்மாவும் பஸ் ஓட்டுறவனும் முணுமுணுக்கணும்."

எம்பனாதா பொரிக்கிற அம்மா என்று அவர் சும்மா சொல்லவில்லை. அவருடைய ஒலிப்பதிவு அறை மாடியில். கீழே வாசலில் ஞா ப்ளாசிதா அடுப்பு வைத்து, இறைச்சி அடைத்த எம்பனாதா பொரிப்பாள். ஒவ்வொரு உருப்படியும் பதிவானதும் தோன் ஃபெர்மின் ஜன்னலைத் திறந்து அதைச் சத்தமாகப் போடுவார். ஞா ப்ளாசிதா கரண்டியை நிறுத்தினால் பாஸ். "எண்ணெய் சூடாகலைன்னு நிறுத்தினேன்," என்று அவள் சொன்னால் இன்னொரு தடவை வாசிக்க வேண்டும்.

இப்படி ஒன்பது முடிந்திருந்தன. ஜெர்மன் கிழவரின் மூன்று, இத்தாலிக்காரர்களின் நான்கு, பிரெஞ்சுக்காரரின் இரண்டு. பத்தாவது, போலந்துக்காரர் பியானோவுக்காக எழுதிய ஒரு மெதுவான இரவுப் பாட்டு. ஒன்பது நிமிஷம் ஓடுவதை சுனில்தா நாலு நிமிஷத்துக்குள் கொண்டுவந்திருந்தாள். எழுதியதிலேயே அவளுக்குப் பிடித்தது அதுதான். எழுதியதிலேயே கஷ்டமானதும் அதுதான். நடுவில் ஒரு இடத்தில் ஃபா என்னும் சுரம் அரை ஏறித் திரும்பத் திரும்ப வரும். வலது கை ராகத்தைப் பாடிக்கொண்டிருக்கும். இடது கை கீழே தொட்டில் ஆட்டுவது போல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு நொடி நிறுத்தினாலும் குழந்தை விழித்துக்கொள்ளும். சாவியை அழுத்த மூன்றாவது கைதான் வேண்டும்.

"முடியலன்னா சொல்லு, வேற மாதிரி எழுதித் தரேன்," என்று அவள் பசிலியோவிடம் சொல்லியிருந்தாள்.

"இருக்கட்டும். நாளைக்குப் பார்ப்போம்."

அந்த நாளைக்கு வரவே இல்லை. புனித வாரம் முடிந்து மூன்று வாரம் அவன் அந்தப் பாட்டைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தான். ஒலிப்பதிவு எப்போதும் மதியத் தூக்க நேரத்தில்தான் நடக்கும், தெருவே அடங்கிக் கிடக்கும் அந்த நேரத்தில்தான் மைக்கில் வேறு சத்தம் விழாது. அந்த நேரம் வந்ததும் அவன் தலைவலி என்பான், காற்று சரியில்லை என்பான். அவள் வீட்டில் இருக்கும்போது ஹார்ப் பக்கமே போகவில்லை. அதைவிட அவளை உறுத்தியது வேறு. முப்பது வருஷமாக அவன் சட்டைப் பொத்தான்களை அவள்தான் போட்டுவிடுவாள். நகத்தால் தந்தி மீட்டுகிறவன் அவன். டப்பா திறப்பது, இறைச்சி நறுக்குவது, பொத்தான் மாட்டுவது எல்லாவற்றையும் அவள் கல்யாணமான மறுநாளே தடை செய்திருந்தாள். அந்த மூன்று வாரமும் அவன் கதவைச் சாத்திக்கொண்டு தானே பொத்தான் மாட்டிக்கொண்டான். படுக்கும்போது வலது கையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

கோபம் என்று அவள் நினைத்தாள். தன்னால் வாசிக்க முடியாத ஒன்றை எழுதி வைத்துவிட்டாளே என்ற கோபம்.

கேட்டுவிடலாம் என்று இருந்தாள். அன்றைக்குத்தான் அவன் பக்கத்து ஊர் லூக்கேக்குத் தந்தி வாங்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பினான். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே போய்விட்டான். தூங்குகிறார் என்று ஓட்டுநர் கடைசி நிறுத்தம் வரைக்கும் எழுப்பவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். அவன் பையில் பணம் அப்படியே இருந்தது. தந்தி இல்லை.

ஒன்பது நாள் ஜெபத்தில் நாத்தனார் செலானியா இதைக் கண்டுபிடித்துவிட்டாள். "லூக்கேல தந்தி வாங்கலன்னா வேற எதுக்குப் போனான்?" என்று ஜெபமாலையை உருட்டிக்கொண்டே கேட்டாள். "கேக்குறேன்னு தப்பா நினைக்காத. ஆம்பளைங்க லூக்கேக்குப் போறதுன்னா..." அதற்கு மேல் சொல்லவில்லை, அடுத்த மணிக்குப் போய்விட்டாள்.

பெண் விவகாரம் என்று சுனில்தா ஒரு நாளும் நம்பவில்லை. அவளை அரித்தது வேறு. தன்னுடைய பாட்டிலிருந்து தப்பிக்கத்தான் அவன் ஊர் ஊராகச் சுற்றினானோ? தன்மேல் கோபத்தோடேதான் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தானோ? இதைச் செலானியாவிடம் கேட்க முடியாது. கேட்க வேண்டியவனிடமும் இனி கேட்க முடியாது.

மே மாதம் தோன் ஃபெர்மின் வந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஹார்ப்பைப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

"சனிக்கிழமை டேப் புவெனஸ் ஐரிஸ் போகணும். அங்கதான் தட்டு அச்சடிக்கிறாங்க, தெரியுமில்ல. இந்த முறை விட்டா அடுத்த வருஷம்தான், அதுவும் நிச்சயமில்லை. ஒன்பது இருக்கு. பத்து வேணும்."

"ஒன்பதோட போடுங்க."

"ஒரு பக்கம் அஞ்சு, ஒரு பக்கம் நாலு. பாதில நின்னுபோனது மாதிரி இருக்கும். பசிலியோ பாதில நின்னவன்னு ஜனங்க நினைக்கணுமா?" அவர் தொப்பியைத் திருப்பினார். "ரெண்டு வழி இருக்கு. அவனோட பழைய போல்கா ஆட்டப் பாட்டு ஒண்ணு என்கிட்ட இருக்கு, அதைப் போட்டு நிரப்பலாம். இல்லாட்டி போலந்துக்காரரை வேற யாராவது வாசிக்கணும். இதே ஹார்ப்புல, சத்தம் மாறாம."

"யாரு?"

"சில்வேரியோவைக் கேட்டேன்."

சுனில்தா கையிலிருந்த மாத்தே தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள். லூக்கே சில்வேரியோ! முப்பது வருஷமாகப் பசிலியோவுக்குப் போட்டி. ஒரே கல்யாணத்துக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டுவிட்டால் பொண்ணு மாப்பிள்ளையை யாரும் பார்க்க மாட்டார்கள். சில்வேரியோவின் விரல் வேகமானது, ஒரு சுரத்தைக்கூடச் சும்மா வெளியே அனுப்பாது. "லூக்கேக்காரனுக்கு நகைக்கடைப் புத்தி," என்பான் பசிலியோ. "பாட்டு வெறுங்காதோட போறதை அவனால பார்த்துட்டு இருக்க முடியாது. தோடு மாட்டி, தொங்கட்டான் மாட்டித்தான் அனுப்புவான்."

"அவரு என்ன சொன்னாரு?"

"'ஞா சுனில்தா சம்மதிச்சா வரேன்'னாரு. அது எனக்கே ஆச்சரியம். அந்த ஆளு யாரோட சம்மதமும் கேட்டு நான் பார்த்ததில்ல."

இரவெல்லாம் யோசித்தாள். அது வாசிக்க முடியாத பாட்டு என்றால் சில்வேரியோ இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்து ஊர் முழுக்கச் சொல்லிவிடுவான். பசிலியோ தோற்றான், அவன் பெண்டாட்டி எழுதியதாலேயே தோற்றான் என்று ஆகிவிடும். போல்கா போட்டு நிரப்பினால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் அவளுக்கும் தெரியாது. சாகும்வரை தெரியாது.

விடிந்ததும் வரச் சொல்லி ஆள் அனுப்பினாள்.

சில்வேரியோ மதியம் வந்தான். தடித்த உடம்பு, எண்ணெய் தடவி வாரிய தலை, கையில் தெரெரே என்னும் குளிர்ந்த மாத்தே நிறைந்த குடுவை. சாவு வீட்டுக்கு வந்தபோது கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுப் போனவன் இப்போதும் வாசலில் தயங்கினான்.

"வாங்க, தோன் சில்வேரியோ. நாய் இல்ல."

"நாய்க்குப் பயமில்ல, ஞா சுனில்தா. பசிலியோ இருந்திருந்தா என்னைப் பார்த்ததும் குரைச்சிருப்பான், அந்தப் பழக்கம்."

அவள் சிரிக்கவில்லை. இசைத்தாளை நீட்டினாள். அவன் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை, மேஜை மேல் வைத்துவிட்டு ஹார்ப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டான். இரண்டு கையையும் உதறிவிட்டு வாசிக்கத் தொடங்கினான்.

போலந்துக்காரரின் பாட்டு. முதல் அடியிலிருந்து, அவள் எழுதியபடி.

சுனில்தா மேஜை மேல் கிடந்த தாளைப் பார்த்தாள். அந்த இசைத்தாள் இந்த வீட்டை விட்டு வெளியே போனதே இல்லை. இந்த மனிதனுக்கு எப்படித் தெரியும்? தோடும் இல்லை தொங்கட்டானும் இல்லை. இடது கை தொட்டிலை ஆட்டியது. வலது கை மேலே ஏறி அந்தக் கஷ்டமான நடுப்பகுதிக்கு வந்தது. மேலே சாவியை அழுத்த எந்தக் கையும் போகவில்லை. நடு நீலத் தந்தியை அவன் மீட்டினான். சுரம் பல்லில் மணல் கடித்தது போல விழுந்தது.

சில்வேரியோ கையை நிறுத்தினான். அதே தந்தியை இன்னொரு தடவை தட்டினான். அவளை ஏறிட்டுப் பார்த்தான்.

"இந்தத் தந்தியை யாரு தொட்டது?"

"நான்தான். சுருதி ஏறிக் கிடந்துது. காத்துனால. இறக்கி வச்சேன்."

"காத்தா?"

"இறக்க இறக்க ஏறுது. ரெண்டு மூணு தடவை இறக்கிட்டேன்."

"ஏறாம என்ன செய்யும்? நாள்கணக்கா இழுத்துக் கட்டி வச்ச தந்தி. இருந்த இடத்துக்குத்தான் போகும்." சில்வேரியோ நெற்றியில் கை வைத்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தாள், சிரித்துக்கொண்டிருந்தான். "ஞா சுனில்தா, அது காத்து இல்ல. அது உங்க புருஷன். அந்த ஒத்தை ஃபா தந்தியை மட்டும் வேணும்னே ஏத்திக் கட்டினான். அப்புறம் சாவி எதுக்கு, மூணாவது கை எதுக்கு? பாட்டு முழுக்க ரெண்டு கையும் கீழயே இருக்கலாம். மத்த நீலத் தந்திங்க எல்லாம் ஒழுங்கா இருக்கும், நடுவுல இருக்கிற ஒருத்தன் மட்டும் அரைச் சுரம் ஏறி இருப்பான். இதைக் கண்டுபிடிச்சுட்டு அந்தத் திமிர் பிடிச்சவன் லூக்கே வரைக்கும் வந்து என்கிட்ட பீத்திக்கிட்டான். என் ஹார்ப்புலயே ஏத்திக் கட்டி வாசிச்சுக் காட்டினான். ஒரு தடவை இல்ல, வந்தப்பல்லாம். கேட்டுக் கேட்டே எனக்குப் பாடமாயிடுச்சு."

சுனில்தா மெதுவாக உட்கார்ந்தாள். பசிலியோ விட்டுப்போன விடையைத்தான் அவள் வெள்ளிக்கிழமைதோறும் சாவி போட்டு அழித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த நினைப்பு வலிக்கவில்லை. வேறு ஒன்று முந்திக்கொண்டது.

"வாசிச்சாரா? முழுசா?"

"முழுசா."

"கோபமா இருந்தாரா?"

"யார் மேல?"

"என் மேல. இப்படி ஒண்ணை எழுதினதுக்கு."

"உங்க மேலயா?" சில்வேரியோவுக்கு உண்மையாகவே புரியவில்லை. "'என் பெண்டாட்டி எழுதினது, உன் பெண்டாட்டிக்குச் சோறாவது ஒழுங்கா வடிக்கத் தெரியுமா'ன்னு என் வீட்டுல உட்கார்ந்தே கேட்டான். அடுப்படியில அவ காதுல விழுந்து, அன்னிக்கு எங்க ரெண்டு பேருக்கும் சாப்பாடு இல்ல."

"அப்ப ஏன் என்கிட்ட வாசிச்சுக் காட்டல? ஏன் தள்ளித் தள்ளிப் போட்டாரு? சட்டைப் பொத்தானைக்கூட என்னைப் போட விடல..."

சில்வேரியோ தெரெரேயை ஒரு இழுப்பு இழுத்தான். இன்னொரு இழுப்பு இழுத்தான். ஜன்னல் வழியாக மாமரத்தைப் பார்த்தான்.

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"தோன் சில்வேரியோ."

"எங்க அம்மா தலைல கை வச்சுப் பண்ணின சத்தியம். அவளுக்கு எண்பது வயசு, ஏதாவது ஆச்சுன்னா பழி என் மேல வரும்."

"அம்மாவுக்கு நான் மெழுகுவத்தி ஏத்துறேன். சொல்லுங்க."

"நகம்," என்றான் சில்வேரியோ.

"என்ன நகம்?"

"வலது கட்டைவிரல் நகம். அடியோட போச்சு. புனித வாரத்துப் புதன்கிழமை நீங்க கோயிலுக்குப் பாட்டு ஒத்திகைக்குப் போயிட்டீங்களாம். உங்களை ஆச்சரியப்படுத்தணும்னு ஐயா சிப்பா ரொட்டி சுட உட்கார்ந்தாரு. பாலாடைக்கட்டி கல்லு மாதிரி இருந்துதாம். அதைச் சீவுறேன்னு நகத்தையும் சேர்த்துச் சீவிட்டான். முப்பது வருஷமா டப்பா திறக்காதேன்னு சொன்ன பொண்டாட்டி முகத்துல எப்படி முழிக்கிறது? பிங்பாங் பந்தை வெட்டிப் பசை போட்டு ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சான். பொத்தான் போடும்போது நீங்க பார்த்துடுவீங்கன்னுதான் ஓடி ஒளிஞ்சான். போல்கான்னா அந்த ஒட்டு நகம் தாங்கும். இந்த மாதிரி மெதுவான பாட்டுல டொக்கு டொக்குன்னு கேக்கும், மைக்கு சும்மா விடாது. நகம் வளரணும், அவ்வளவுதான். அதுவரைக்கும் என் வீட்டுல வந்து வெறும் சதையால வாசிச்சுப் பழகினான். இன்னும் பத்து நாள்ல வளர்ந்துடும்னு கடைசி அன்னிக்குக்கூடக் கையைத் தூக்கிக் காட்டிட்டுத்தான் பஸ் ஏறினான்."

அந்தச் சிப்பா சுனில்தாவுக்கு நினைவிருந்தது. கோயிலிலிருந்து வந்தபோது மேஜை மேல் துணி மூடி இருந்தது. செலானியா கொடுத்தனுப்பினாள் என்று பசிலியோ சொன்னான். உன் தங்கை கைக்கு இவ்வளவு ருசியா என்று கேட்டுக்கொண்டே அவள் நாலு தின்றாள்.

"நான் நாலு சாப்பிட்டேன்," என்றாள்.

சில்வேரியோ குடுவையைக் கீழே வைத்தான். "அதான் அவனுக்குக் கடைசி வரைக்கும் கவலை."

"எது?"

"உடைஞ்ச நகத் துண்டு கிடைக்கவே இல்லையாம். தரையெல்லாம் தேடினானாம். மாவுலதான் இருக்கணும்னான்."

சுனில்தா சிரித்தாள். முதலில் மூக்கு வழியாக, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்த முடியாமல். கண்ணில் தண்ணீர் வந்தது, முந்தானை இல்லாத அந்த ஊரில் மேஜைத் துணியால் துடைத்துக்கொண்டாள். சில்வேரியோவும் சிரித்தான். பக்கத்து வீட்டுக்காரி வேலி மேல் எட்டிப் பார்த்துவிட்டு, துக்க வீட்டில் இது என்ன கூத்து என்று தலையை இழுத்துக்கொண்டாள்.

"செலானியா லூக்கேல பொம்பளை இருக்குன்னா," என்று மூச்சு வாங்கச் சொன்னாள்.

"இருக்காளே. எங்க அம்மா. அவன் வந்தா அவதான் சூப் வச்சுக் குடுப்பா."

பிறகு வேலையைப் பார்த்தார்கள். நடு நீலத் தந்தியைச் சில்வேரியோ அரைச் சுரம் ஏற்றிக் கட்டினான். இரண்டாம் முறை வாசித்தபோது நடுப்பகுதி வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் இப்போது தொடக்கத்தில் இடித்தது. தொடக்கத்தில் அதே ஃபா ஏறாமல் சாதாரணமாக வர வேண்டும், அதற்குத் தந்தி இல்லை.

"இங்க அவன் என்னமோ பண்ணினான்," என்றான் சில்வேரியோ. "என்னன்னு ஞாபகம் இல்ல. கேட்ட வரைக்கும் குறை தெரியல. நான் ஒரு சின்ன உருட்டு உருட்டி மறைச்சுடவா?"

"உருட்டும் வேணாம் புரட்டும் வேணாம்."

அவள் ஹார்மோனியத்துக்குப் போனாள். அந்தச் சுரத்தை எடுத்துவிட்டு வாசித்தாள், பாட்டு நொண்டியது. மேல் ஸ்தாயிக்கு அனுப்பினாள், கத்தியது. கீழே இறக்கி இடது கையிடம் கொடுத்தாள். வலது கை ஒரு கணம் வெறுமனே நிற்க, அந்தச் சுரம் கீழிருந்து, யாரோ அடுத்த அறையிலிருந்து பதில் சொல்வது போல வந்தது. அவள் எழுதியிருந்ததைவிட நன்றாக இருந்தது.

"அதான்!" சில்வேரியோ தொடையைத் தட்டினான். "கீழ போனான், கீழதான் போனான்!"

ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமலே அவளும் பசிலியோவும் ஒரே சுரத்தை ஒரே இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். சுனில்தா பென்சிலை எடுத்து இசைத்தாளில் அதைத் திருத்தினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒலிப்பதிவு. சில்வேரியோ ஹார்ப்பைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான், அவள் பின்னால் இசைத்தாளோடு ஏறினாள். தெரு அடங்கும்வரை காத்திருந்தார்கள். முதல் தடவை முடிவில் அவன் கை தாங்காமல் ஒரு தொங்கட்டானைத் தொங்கவிட்டான்.

"தோன் சில்வேரியோ."

"என்ன?"

"அதை லூக்கேலயே விட்டுட்டு வாங்க."

"ஒண்ணே ஒண்ணுதானே. முத்து மாதிரி..."

"வெறுங்காதோட போகட்டும்."

அவன் பெருமூச்சு விட்டான். இரண்டாம் தடவை தெருவில் ஒரு சேவல் கூவிக் கெடுத்தது. மூன்றாம் தடவை ஒன்றும் கெடுக்கவில்லை. கடைசிச் சுரம் அடங்கும்வரை அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான், அவளும்தான். தோன் ஃபெர்மின் டேப்பைத் திருப்பி ஓடவிட்டு ஜன்னலைத் திறந்தார்.

கீழே எண்ணெய் சீறியது. பாட்டு ஜன்னல் வழியாக இறங்கியது. நடுப்பகுதி வந்தபோது கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. பாட்டு முடிந்த பிறகும் ஆரம்பிக்கவில்லை. தோன் ஃபெர்மின் தலையை வெளியே நீட்டினார்.

"ஞா ப்ளாசிதா! எப்படி?"

"ஒண்ணு கருகிப்போச்சு," என்று கீழிருந்து குரல் வந்தது. "அதுக்கு நீதான் காசு தரணும். இன்னொரு தடவை போடு."

அவர் ஜன்னலிலிருந்து திரும்பியபோது முகமெல்லாம் பல். "அட்டைல என்ன போடுறது? ஒன்பது பசிலியோ, ஒண்ணு சில்வேரியோ. மாத்தி எழுதினது சுனில்தா."

"என் பேரு பின்பக்கம் போதும்," என்றான் சில்வேரியோ. "இது அவன் ரெக்கார்ட்." கொஞ்சம் யோசித்தான். "ரொம்பவும் சின்ன எழுத்தா வேண்டாம். அம்மாவுக்குக் கண்ணு சரியில்ல."

வீட்டுக்குக் கொண்டுவந்து ஹார்ப்பை அதன் மூலையில் வைத்தபோது சில்வேரியோ சாவியைக் கையில் எடுத்தான். "நீலத்தை இறக்கிடவா? இனிமே தேவையில்லையே."

"வேண்டாம்," என்றாள் சுனில்தா. "இருக்கட்டும்."

அவன் போன பிறகு துணியை எடுத்தாள், வெள்ளிக்கிழமை ஆயிற்றே. சட்டத்தைத் துடைத்தாள். தந்திகளைக் கீழிருந்து மேலே தட்டிக்கொண்டு வந்தாள். நடு நீலத்திடம் வந்தபோது அது அரைச் சுரம் ஏறி, தன் இடத்தில் நிமிர்ந்து நின்றது. அதைத் தாண்டி அடுத்ததற்குப் போனாள்.

துணியை மடித்து வைத்தாள். பிறகு, பசிலியோ போனதிலிருந்து படுக்காத மதியத் தூக்கத்துக்கு, நேரம் தவறிப்போய் மாலையாகிவிட்டிருந்தாலும், கட்டிலில் போய்ப் படுத்தாள். சுவர்ப் பக்கம் இருந்த தலையணையை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். "சிப்பா நல்லா இருந்துதுடா, மடையா," என்றாள் அதனிடம். கோயில் மணி அடித்தது அவளுக்குக் கேட்கவில்லை.